நோரீன் தன் தோழி மீது போட்ட வழக்கு

நோரீன் ஹாப்ஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். நாற்பத்தேழாம் எண் வண்டி. பத்தொன்பது வருடத்தில் அதன் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. பின்சீட்டில் பிள்ளைகள் அடித்துக்கொண்டால் கத்த மாட்டாள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, எதிரே இருக்கும் கண்ணாடியில் அவர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளே ஒருவரையொருவர் அடக்கிவிடுவார்கள்.

நான் அவளுக்குப் பக்கத்துத் தடத்தில் பஸ் ஓட்டுகிறேன். பீனிக்ஸுக்கு மேற்கே, பியோரியாவில் ஒரே தெருவில்தான் எங்கள் இருவர் வீடும். நோரீனுக்கு ஐம்பத்தாறு வயது. புருஷன் எப்போதோ பிரிந்து நெவாடா போய்விட்டான், பிள்ளைகள் இல்லை. ஆனால் அவளைத் தனியாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவளுக்கு ட்ரூடி இருந்தாள்.

ட்ரூடி வென்ட்டின் வீடும் நோரீனின் வீடும் பின்பக்கம் ஒட்டியவை. நடுவில் ஒரு மதில். ட்ரூடியின் புருஷன் லைல், ஏ.சி. மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த மதிலை இடித்து ஒரு சின்னக் கதவு வைத்துக் கொடுத்திருந்தார். "இவளுங்க ரெண்டு பேரும் சுத்திச் சுத்தி நடக்கறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்பார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.

ட்ரூடி வீட்டுப் பின்புறத்தில் நீச்சல் குளம் உண்டு. மே மாதக் கடைசியில் பள்ளி மூடும் வெள்ளிக்கிழமை டிரைவர்கள் எல்லோரும் அங்கேதான் கூடுவோம். அந்த வருடமும் கூடினோம். லைல் அடுப்பருகே நின்று இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார். நோரீன் ஒரு மணி நேரம் தண்ணீரில் கிடந்துவிட்டு, பசிக்கிறது என்று படியேறி வந்தாள். படியோரம் நட்டிருந்த இரும்புக் கைப்பிடியைப் பிடித்து உடம்பைத் தூக்கினாள். அதன் ஒரு கால் சிமெண்டுக் கட்டியோடு பிடுங்கிக்கொண்டு அவள் கையோடு வந்தது.

அவள் பின்னால் சாய்ந்ததை நான் பார்த்தேன். இடுப்பு படிமுனையில் மோதிய சத்தம் கேட்டது. தலை தண்ணீருக்குள் போய்விட்டது. நாங்கள் எழுந்திருப்பதற்குள் லைல் கரண்டியோடும் செருப்போடும் குளத்தில் குதித்திருந்தார். அவள் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தன் தோளில் தாங்கிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை அசையாமல் நின்றார். "உன்னை விட மாட்டேன் நோரீன், பயப்படாத, விட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இடுப்பில் இரண்டு இடத்தில் முறிவு. வலது தோளில் எலும்பும் தசைநாரும் போயின. இரண்டு அறுவை சிகிச்சை. பள்ளி நிர்வாகம் அவள் வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் பன்னிரண்டு வாரம்தான் வைத்திருக்கும், அதற்குள் பஸ் ஓட்டத் தகுதி என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டார் என்பது ஆறாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. வலது கை காதுக்கு மேல் எழும்பவில்லை.

ட்ரூடி தினமும் சூப் கொண்டுவந்தாள், தலை வாரிவிட்டாள், குளிக்க வைத்தாள். "எங்க இன்ஷூரன்ஸ் இருக்குடி. மாசாமாசம் கட்டறது எதுக்கு? லைல் அவங்களுக்குப் போன் பண்ணியாச்சு" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள் பெயர் கிஃபோர்ட். குரலில் தேன் ஒழுகும். "நீங்க கவலையே படாதீங்க மேடம். யார் தப்புன்னு பேச்சே வேணாம். ஒன்பதாயிரம் டாலர் உடனே அனுப்பறோம். ஒரு காகிதத்துல கையெழுத்து மட்டும் போட்டா போதும்" என்றார். காகிதமும் வந்தது. நோரீன் இடது கையில் பேனாவைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். நான் வாங்கிப் படித்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில், இந்த விபத்து தொடர்பாக இனி யாரிடமும் எதையும் கேட்க மாட்டேன் என்று இருந்தது.

"ஏய், இது உன் வாயை அடைக்கற காசு. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் வாடகைக்குக் கூடக் காணாது" என்றேன்.

"ட்ரூடிக்குத் தொந்தரவு வராதுன்னா போதும் எல்வா."

"உனக்கு வேலையே போகப்போகுது. அது யாருக்குத் தொந்தரவு?"

அவளை இழுத்துக்கொண்டு போய் ஒரு வக்கீலிடம் காட்டினேன். அபிகேல் யாஸி என்று பெயர். டோனட் கடைக்கு மேலே ஒற்றை அறை ஆபீஸ், நோரீன் வாக்கரோடு ஏற முடியாததால் அவரே கீழே இறங்கி வந்து கடையில் எங்களோடு உட்கார்ந்தார். காகிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"நல்ல வேளை, கையெழுத்துப் போடல. விருந்தாளிக்கு அடிபட்டா, யார் தப்பா இருந்தாலும் வைத்தியச் செலவுக்குன்னு அந்த பாலிசியிலயே ஒரு சின்னத் தொகை தனியா இருக்கும். அதுக்கு உங்க உரிமைய எழுதிக் குடுக்கத் தேவையில்ல. அத முதல்ல வாங்கிடுவோம். பெரிய நஷ்டத்துக்கு அவங்ககிட்ட கோரிக்கை வைப்போம். மசியலேன்னா கேஸ். விழுந்த நாள்லேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும், அதுக்கு மேல கோர்ட் கதவு திறக்காது."

"கேஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனி மேலதானே?" என்று கேட்டாள் நோரீன்.

"அப்படிப் போட முடியாதுங்க. காகிதத்துல ட்ரூடி வென்ட், லைல் வென்ட்னுதான் வரும். காசு குடுக்கறது கம்பெனி, பேரு அவங்களோடது."

நோரீன் டோனட்டைத் தொடவே இல்லை.

"இன்னொண்ணு," என்றார் யாஸி. "நீங்க டிக்கெட் எடுத்துப் போனவங்க இல்ல, வீட்டுக்கு வந்த விருந்தாளி. விருந்தாளிக்காக வீட்டுக்காரங்க குளத்த அங்குலம் அங்குலமா சோதிச்சு வைக்கணும்னு சட்டம் சொல்லல. ஆனா வெளில தெரியாத ஆபத்து ஒண்ணு இருந்து, அது அவங்களுக்குத் தெரியும்னா, உங்ககிட்ட சொல்லியிருக்கணும். அதனால எல்லாமே ஒரு கேள்வியிலதான் நிக்குது. கைப்பிடி ஆடுதுன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் நோரீன்.

காரில் ஏறியதும் போனை எடுத்து என் மடியில் வைத்தாள். ஏப்ரல் மாதம் ட்ரூடி அனுப்பிய போட்டோ. குளத்தோரம் லைல் முட்டி போட்டு, கையில் பசைக்குழாயோடு கைப்பிடியின் அடியில் எதையோ அப்பிக்கொண்டிருக்கிறார். கீழே ட்ரூடி எழுதியிருந்தாள்: "எங்க வீட்டு இன்ஜினியர் மறுபடியும் பசை போடறார். ஆள் கூப்பிடுன்னா காதுல விழாது. நான் சிரிச்சேன்னு சொல்லிடாத, ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுப்பார்."

நோரீன் பதிலுக்கு ஏழெட்டு சிரிப்பு பொம்மைகளை அனுப்பியிருந்தாள்.

"லைல் அந்த கிஃபோர்ட்கிட்ட கைப்பிடி உறுதியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லியிருக்காராம். இதக் குடுத்தா அவர் பொய் சொன்னார்னு ஆகும். நானும் பாத்துட்டுத்தான் இருந்திருக்கேன், எனக்கும் தெரியும்னு ஆகும்" என்றாள்.

"அப்ப அழிச்சிடு" என்றேன். அன்று அப்படித்தான் சொன்னேன், மறைப்பதில் அர்த்தமில்லை.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பஸ் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்க்கும் அதே பார்வை. "தினமும் காலைல வண்டிய சுத்தி வந்து எது ஆடுது, எது ஒழுகுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடறோமே, எதுக்கு? நமக்குப் பிடிச்சத மட்டும் எழுதவா?" என்று கேட்டாள். பிறகு கார்க் கதவைத் திறந்து, வாக்கரை விரித்து, டோனட் கடைக்குள் மறுபடி போனாள்.

யாஸி போட்டோவை நெடுநேரம் பார்த்தார். "இது ரெண்டு பக்கமும் வெட்டும். உங்க பங்குக்கும் கவனக்குறைவுன்னு ஒரு பகுதி கழிப்பாங்க. ஆனா மொத்தமும் போயிடாது. அழிச்சிருந்தீங்கன்னாதான் மொத்தமும் போயிருக்கும்" என்றார். அவர்களோடு வழக்கு பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்றும் சொன்னார்.

கம்பெனி மசியவில்லை. அக்டோபரில் யாஸி நோரீன் பேரில் வழக்குப் போட்டார். சம்மன் போகும் முன்பு ட்ரூடியிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று நோரீன் மூன்று முறை அந்த மதில் கதவு வரை போனாள். மூன்று முறையும் திரும்பி வந்தாள்.

ட்ரூடி எனக்குத்தான் போன் செய்தாள். "உன் சிநேகிதி என் கையால சூப் குடிச்சிட்டே வக்கீல் வீட்டுக்கு நடந்திருக்கா! லைல் மட்டும் அன்னிக்குக் குதிக்கலேன்னா கேஸ் போட ஆளே இருந்திருக்காது, தெரியும்ல? அவகிட்ட சொல்லு, அடுத்த வாட்டி முங்கறப்ப வக்கீலக் கூப்பிட்டுக்கச் சொல்லு!" அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். அன்று மாலையே லைல் மதில் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். திருகாணி முடுக்கும் சத்தத்தை நோரீன் தன் சமையலறையில் நின்று கேட்டிருக்கிறாள்.

போட்டோவின் நகல், ட்ரூடிக்கும் லைலுக்கும் கம்பெனி அமர்த்திய எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போனது. அவர் அதை ட்ரூடியிடமும் லைலிடமும் காட்டினார். அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

பிப்ரவரியில் வாக்குமூலம் எடுத்தார்கள். கோர்ட் இல்லை, ஒரு ஆபீசில் நீள மேஜை, தட்டச்சு செய்ய ஒரு பெண். லைல் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்திருந்தாராம். நோரீன் பிற்பாடு சொன்னது இது.

யாஸி லைலைக் கேட்டார்: "எத்தனை தடவை ஒட்டினீங்க?"

"மூணு தடவை."

"அப்ப போன ஜூன்ல கம்பெனி ஆள்கிட்ட ஏன் உறுதியா இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

லைல் பக்கத்தில் இருந்த அவர் வக்கீலைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். "வெக்கமா இருந்துச்சு. நாப்பது வருஷம் ஊர்ல உள்ள வீடெல்லாம் ரிப்பேர் பண்ணினவன். ஒரு கைப்பிடிய ஒழுங்கா நிறுத்தத் தெரியலேன்னு சொல்ல வாய் வரல."

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் நோரீனைக் கேட்டார்: "இந்தப் போட்டோவ நீங்க ஏப்ரல்லயே பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"பாத்தும் அதே கைப்பிடியத்தானே பிடிச்சீங்க?"

"லைல் ஒட்டினா ஒட்டும்னு நம்பினேன்."

லைல் எழுந்து, அனுமதி கேட்காமல், வெளியே போய்விட்டாராம். அவர் திரும்பி வரப் பதினைந்து நிமிடம் ஆனது. வந்தபோது முகம் கழுவியிருந்தார், டை இல்லை.

ஆகஸ்டில் ஓய்வுபெற்ற ஒரு நீதிபதியை நடுவில் வைத்து இரண்டு தரப்பும் சமரசத்துக்கு உட்கார்ந்தன. நோரீன் ஒரு அறை, கம்பெனி ஒரு அறை, நீதிபதி காலை முதல் மாலை வரை நடுவே நடந்தார். நோரீனின் தவறு கால் பங்கு என்று கழித்தார்கள். யாஸியின் கட்டணம் போனது. அவளுடைய மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தாங்கள் செலவழித்ததைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மீதி, வீட்டை விற்காமல் இருக்கவும், தோளுக்குத் தொடர்ந்து சிகிச்சை செய்யவும் போதுமானதாக இருந்தது. பஸ் ஓட்டும் உரிமம் திரும்பக் கிடைக்கவில்லை. நாற்பத்தேழாம் எண் வண்டியைப் புதிதாக ஒருத்தி ஓட்டுகிறாள், மூன்றாம் மாதமே பம்பரை எதிலோ இடித்துவிட்டாள்.

வென்ட் தம்பதிக்கும் லாபமில்லை. அந்தக் கம்பெனி அவர்கள் பாலிசியைப் புதுப்பிக்கவில்லை. வேறு கம்பெனி கிடைக்க இரண்டு மாதம் அலைந்தார்கள். குளத்தை வற்றவைத்து மூடிவிட்டார்கள்.

அதற்கப்புறம் நோரீனும் ட்ரூடியும் நேருக்கு நேர் பேசியது ஒரே ஒரு முறை. நான் கூட இருந்தேன். மளிகைக் கடையில், முட்டை அடுக்கியிருந்த இடத்தில், ட்ரூடி வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்துவிட்டாள். திரும்பிப் போக இடமில்லை.

"கை தூக்க முடியுதா?" என்று ட்ரூடி கேட்டாள்.

"இவ்வளவுதான்" என்று நோரீன் தூக்கிக் காட்டினாள்.

"லைல் இப்பல்லாம் எதையும் தொடறதில்ல. பல்பு மாத்தக்கூட ஆள் கூப்பிடறார்."

"ட்ரூடி, நான்..."

"கேஸ் போட்டதுக்குக் கோவமில்லடி. உனக்கு வேற வழியில்ல, அது எனக்கே தெரியும். நான் சிரிக்கறதுக்காக அனுப்பினது அந்தப் போட்டோ. அத எடுத்துக் குடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"வக்கீல் பேசக்கூடாதுன்னாங்க."

"எப்பலேர்ந்துடி நீ மத்தவங்க சொல் கேக்க ஆரம்பிச்ச?"

ட்ரூடி ஒரு டஜன் முட்டை எடுத்து, திறந்து, உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

நோரீன் இப்போது டிப்போவில் ரேடியோ மேஜையில் உட்கார்ந்து எங்களுக்குத் தடம் சொல்கிறாள். இடது கையால் எழுதப் பழகிவிட்டாள். போன வாரம் அவளைக் கேட்டேன், திரும்ப அந்த இடத்தில் நின்றால் என்ன செய்வாய் என்று.

"கேஸ் போடுவேன். போட்டோவையும் குடுப்பேன்," என்றாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா மூணாவது தடவை போனப்ப, அந்தக் கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போயிருப்பேன்."

அப்போது ரேடியோவில் யாரோ கூப்பிட்டார்கள், டயர் பஞ்சர் என்று. அவள் மைக்கை எடுத்துக்கொண்டாள்.