உத்திராபதி கையெழுத்துப் போடவில்லை

விக்கிரமங்கலத்து உத்திராபதி, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் உடைக்கும் கிரஷரை ஓட்டி வந்தான். கோபக்காரன். 2001ஆம் வருஷக் கோடையில், குடிதண்ணீர்க் குழாயைப் பூட்டி வைத்ததற்காக ஃபோர்மேன் வேணுகோபாலின் சட்டையைப் பிடித்து உலுக்கியதை ஆலையே பார்த்தது.

அதற்கு அடுத்த வாரம், பகல் ஷிப்டில், கிரஷர் வெடித்துவிட்டதுபோல அலறியது. பொக்லைன் வாளியிலிருந்து கழன்ற இரும்புப் பல் ஒன்று கல்லோடு உள்ளே போய்விட்டது. உள்ளே இருந்த சுத்தியல்கள் நொறுங்கின. ஒரு துண்டு தகட்டைக் கிழித்துக்கொண்டு பறந்து, உத்திராபதியின் தலைக்கு மேலே சுவரைப் பெயர்த்தது.

கல்லைக் கொண்டுவரும் பெல்ட்டில் இரும்பு வந்தால் அலாரம் அடித்து எல்லாம் நின்றுவிடும். ஆனால் அன்று காலையில்தான், சும்மா சும்மா நின்று வேலை கெடுகிறது என்று வேணுகோபால் அவனிடம் அலாரத்தை அணைக்கச் சொல்லியிருந்தார். வாயால் சொன்னதுதான். இப்போது அவர் சொன்னதே வேறு: உத்திராபதி வஞ்சம் வைத்து இரும்பை உள்ளே போட்டுவிட்டான்.

அவனை செக்யூரிட்டி ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மேஜையில் ஏற்கெனவே எழுதி வைத்த காகிதம் ஒன்று இருந்தது.

"போட்டது நான்தான்னு கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டே இரு. இல்லன்னா போலீசு வந்து தோல உரிப்பான்" என்றார் வேணுகோபால்.

உத்திராபதி காகிதத்தைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்தான். தடிக்கம்பு அவன் முதுகில் இறங்கியது. கீழே விழுந்தவனின் இடது கையை ஒரு காவலாளி பூட்ஸ் காலால் மிதித்துத் திருகினான். விரல் ஒடிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அப்போதும் அவன் கையெழுத்துப் போடவில்லை.

வீட்டுக்குப் போனதும் நேராக அரிவாளை எடுத்தான். மனைவி முத்தாயி அவன் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள். விஷயம் கேள்விப்பட்டு வந்த மதார் வாசலை மறித்து நின்றார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், ஆலையின் ஸ்டோரில் வேலை.

"அவன வெட்டிட்டீன்னா மிஷின ஒடச்சதும் நீதான்னு ஆயிடும்ப்பா. அல்லாவுக்காகக் கேக்குறேன், அதக் கீழ போடு. மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வா."

அரிவாளைக் கீழே போட வெகுநேரம் ஆயிற்று.

சஸ்பெண்ட் உத்தரவும் சார்ஜ் மெமோவும் வந்தன. அவனும் மதாரும் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடியே பதிலாக எழுதினார்கள். என்கொயரியில் தன் பக்கம் பேச மதாரை அனுமதிக்கும்படி உத்திராபதி கேட்டான். அனுமதி கிடைத்தது. சாட்சிதான் இல்லை.

அப்போதுதான் சிந்தாமணியின் நினைவு வந்தது. பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கல்லை வாரும் காண்ட்ராக்ட் கூலிக்காரி. அன்று காலை அங்கேதான் நின்றாள். உத்திராபதி அவள் வீட்டுக்கே போய்க் கட்டுப்போட்ட கையைக் காட்டினான்.

"அவரு சொன்னத நான் கேட்டேந்தான். வெளிய சொன்னா ஆல கேட்டுக்குள்ளயே வுட மாட்டானுவ. போயிரு சாமி" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் அங்கே போய்வந்தது வேணுகோபாலின் காதுக்கு எட்டிவிட்டது. என்கொயரிக்கு முதல் நாள், வேலை முடிந்து திரும்பிய சிந்தாமணியைக் கருவேலங்காட்டு ஓரம் இரண்டு பேர் மறித்தார்கள். முடியைப் பிடித்து இழுத்து, கல்லில் முகத்தை மோதினார்கள்.

மறுநாள் திருச்சியிலிருந்து வந்த வயதான வக்கீல் விசாரணை நடத்தினார். அலாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்றார் வேணுகோபால்.

"ஓடுச்சுன்னா இரும்பு வந்தப்ப ஏன் சார் அடிக்கல?" என்று கேட்டார் மதார்.

அந்த நேரம் சிந்தாமணி உள்ளே வந்தாள். நெற்றியில் தையல், ஒரு கண் மூடி வீங்கியிருந்தது.

"அலாரத்த அணச்சுடுடான்னு இவருதான் சொன்னாரு, சார். என் காதால கேட்டேன். என்னய அடிக்காம இருந்திருந்தா இங்க வந்தே இருக்க மாட்டேன்."

வேணுகோபால் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தார். "நேத்து வாங்குனது பத்தலயாடி?" என்று அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

உத்திராபதி பாய்ந்தான். மதார் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேணுகோபாலின் வார்த்தைகளை, கன்னத்தில் விழுந்த அறையையும் சேர்த்து, எழுதிக்கொண்டார்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று முடிவு வந்தது. வேணுகோபாலை ஆலையின் சுரங்கம் ஒன்றுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். உத்திராபதி வேலைக்குத் திரும்பிய காலையில், சிந்தாமணியைக் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். அவனும் உள்ளே போகவில்லை. அவள் பக்கத்திலேயே நின்றான். மதார் வந்து நின்றார். கிரஷர் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். காவலாளிகள் கம்பால் அடித்துக் கூட்டத்தைக் கலைக்கப் பார்த்தார்கள். உத்திராபதியின் மண்டை பிளந்து சட்டை நனைந்தது. அவன் கையை ஓங்கவுமில்லை, இடத்தை விட்டு நகரவுமில்லை. கல் உடைபடாமல் பெல்ட் வெறுமனே நின்றது. மத்தியானம் அவளை உள்ளே விட்டார்கள்.

அவன் விரல்கள் கடைசிவரை சரியாக மடங்கவில்லை. சிந்தாமணிக்கு அடிபட்ட கண்ணில் பார்வை மங்கிப்போனது. அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கேட்பாள்: "நீ என் வூட்டு வாசல மிதிக்காம இருந்திருந்தா எனக்கு ஏன் சாமி அந்த அடி?"

அவன் தலையைக் குனிந்துகொள்வான்.