சகலையின் கால்கள்

அந்தக் குடும்பத்தில் இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். இளையவளைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதுகிறவர். உண்மையில் சின்னவர்தான் வயதில் இரண்டு வருஷம் மூத்தவர். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே, பெரியவர் பெரியவர்தான்.

இருபத்தெட்டு வருஷமாகப் பெரிய மாப்பிள்ளைக்குச் சகலையை நினைத்தால் பாவமாக இருக்கும். வெயில், மழை, நாய், படிக்கட்டு என்று அந்த மனிதர் அலைகிற அலைச்சல் என்ன, தனக்கு வாய்த்த சுழல் நாற்காலி என்ன! மணியை அடித்தால் கோப்பு வரும். இன்னொரு தரம் அடித்தால் டீ வரும். வீட்டு வாசலில் ஸ்கூட்டரில் ஏறினால் அலுவலக வாசலில்தான் இறங்குவார். தலைமை எழுத்தர் ஆன அன்று, இனிமேல் எதற்கும் எழுந்திருக்க வேண்டியதில்லை என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். சொன்னபடியே எழுந்திருக்கவும் இல்லை.

மாமியார் மூன்றாம் மாடிக்குக் குடிபோன அன்றுதான் வினை வந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெரிய மாப்பிள்ளை கையில் இருந்தது ஒரு சுவர்க் கடிகாரம் மட்டும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு முட்டி, கடிகாரத்தை மார்போடு அணைத்தபடி சுவரில் சாய்ந்துவிட்டார். சின்னவர் தையல் மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு, பின்னால் வந்த மாமியாரிடம் பேசிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனார். திரும்பி இறங்கி, அடுத்த நடை நாற்காலிகளோடு ஏறினார். பேச்சு ஒரு இடத்திலும் அறுபடவில்லை.

மாமியார் நின்று பெரியவரை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க உக்காருங்க மாப்பிள்ளை. அவர் பார்த்துப்பார்."

அந்த 'அவர்' முள்ளாய்த் தைத்தது. போதாததற்கு, வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவி தங்கை புருஷனின் புராணத்தையே படித்தாள். இந்த வயசிலும் வயிறு ஒட்டி, கையும் காலும் கயிறு மாதிரி இருக்கிறதாம். பெரிய மாப்பிள்ளை வண்டியை முறுக்கினார். வேறு எதை முறுக்க முடியும்?

அடுத்த வாரம் அக்காவும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டு, இரண்டு மாப்பிள்ளைகளையும் ஒரே பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுக்க வைத்தார்கள். பெரியவருக்குச் சர்க்கரை, கொழுப்பு இரண்டும் ஏறிக் கிடந்தன. சகலையின் தாளை ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரு இடத்தில்கூடச் சிவப்பு மை இல்லை. முகத்தில் ஈயாடாமல் தன் தாளை எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

தாளைப் பார்த்த டாக்டரம்மா எதையும் சுற்றி வளைக்கவில்லை. உடம்புச் சதை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துச் செலவு பண்ணிக்கொள்ளும், நீங்கள் அதற்கு வேலையே கொடுப்பதில்லை என்றார். மாத்திரை எழுதினார். தினமும் அரைமணி வேகமாக நடக்கச் சொன்னார். மணிக்கணக்காக உட்காராமல் நடுநடுவே எழுந்து நாலு எட்டு வையுங்கள், சாப்பிட்டதும் சாயாதீர்கள் என்றும் சொன்னார்.

பெரிய மாப்பிள்ளைக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. நடந்தால் ஒரு மனிதன் இப்படி ஆகிவிடுவானா? சகலை எதையோ மறைக்கிறான். ஏதோ கஷாயம், ஏதோ லேகியம். தங்கையிடம் விசாரிக்கச் சொல்லி மனைவியை நச்சரித்தார். அவள் விசாரித்துவிட்டு வந்து, அவர் எல்லாமும் சாப்பிடுகிறாராம், இனிப்புகூட உண்டாம் என்றாள். வயிற்றெரிச்சல் இன்னும் கூடியது.

ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் சகலையைப் பின்தொடர்ந்தார். ஐம்பத்துநாலு வயது தலைமை எழுத்தர் ஒருவர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, நின்ற கார்களுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கிப் போனார். அவர் எதிர்பார்த்தபடி சகலை மருந்துக்கடைக்கும் போகவில்லை, வைத்தியரிடமும் போகவில்லை. கேட்டைத் திறந்தார், குனிந்தார், மூடியைத் தூக்கினார், எழுதினார், அடுத்த கேட்டுக்குப் போனார். மாடி வீடென்றால் இரண்டிரண்டு படியாக ஏறினார். பதினொரு மணிக்கு ஒரு டீ குடித்தார், அதையும் நின்றபடியே.

ஏழாவது தெருவில் பெரியவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கெண்டைக்கால் கல்லாக இறுகிக்கொண்டது. ஒரு வீட்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தெருக்கோடி வரை போய் எதிர்வரிசையில் திரும்பி வந்த சகலை, அந்த வீட்டு மீட்டரைப் பார்க்கத்தான் அடுத்து வந்தார்.

"என்ன சகலை, இந்தப் பக்கம்?"

"ஒரு வேலையா வந்தேன்."

சின்ன மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்கவில்லை. தொப்பியைப் பார்த்தார், நனைந்து ஒட்டிக் கிடந்த சட்டையைப் பார்த்தார், தன் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் உள்ளே போனதும் பெரியவருக்கு மானம் ரோஷமெல்லாம் கரைந்துவிட்டது.

"உண்மையைச் சொல்லுங்க. என்னதான் மருந்து சாப்பிடறீங்க?"

சகலை சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கி மூடினார்.

"மருந்தா? உங்க நாற்காலியை நினைச்சு நான் எத்தனை வருஷம் வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா? மழைல நனைஞ்சுக்கிட்டே அடுத்தவன் வீட்டுக் குழிக்குள்ள கையை விடும்போதெல்லாம், அந்த மனுஷன் இப்போ ஃபேனுக்கு அடியில உக்காந்திருப்பார்னு தோணும். ஒரு நாள் உக்கார விட்டாப் போதும்னு கேக்காத சாமி இல்ல."

பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு குளிர்ந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. சகலை கைலாகு கொடுத்துத் தூக்கி நிறுத்தி, பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட்டார். இந்த விஷயம் பெண்கள் காதுக்குப் போகவும் இல்லை. அதற்காகவும் சகலைமேல் ஒரு கோபம் இருந்தது. இப்படியா ஒரு மனிதன் நல்லவனாக இருந்து தொலைப்பான்?

மறுநாள் தொடை தூக்க முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் நடக்கக் கிளம்பினார். டாக்டரம்மா சொன்னதற்காக இல்லை, சகலையின் தாளில் இருந்த எண்களுக்காக. முதல் வாரம் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். மெல்ல மெல்ல அது அரைமணி ஆனது. அலுவலகத்தில் கோப்பு வேண்டுமென்றால் தானே எழுந்து போனார். பியூனுக்குத் தன் வேலை போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது. ஸ்கூட்டரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினார். ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்கி, மாத்திரை பாதியானது. மாமியார் வீட்டு மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினார். உள்ளே போய், சகலை வந்துவிட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அந்தச் சமயத்தில் நகரம் முழுக்கத் தானாகவே கணக்கு அனுப்புகிற புது மீட்டர்கள் வந்துவிட்டன. சின்ன மாப்பிள்ளையை அலுவலகத்துக்குள் இழுத்து ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். கேட்ட வரம் கிடைத்தது. ஒரே வருஷத்தில் பெல்ட்டில் இரண்டு துளை தள்ளிப் போட வேண்டி வந்தது. முழங்கால் பிடித்துக்கொண்டது. அடுத்த பரிசோதனைத் தாளில் முதல் சிவப்பு மை விழுந்தது.

செய்தி கேட்ட அன்று பெரிய மாப்பிள்ளை இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். மனைவி பார்த்த பார்வையில் கூசிப்போய்க் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். சாயங்காலம் மைத்துனி போன் செய்தாள். "அத்தான், நீங்க நடக்கப் போகும்போது இவரையும் கூட்டிக்கிட்டுப் போங்களேன். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார்."

மாட்டேன் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. ஏழாவது தெருவில் நீட்டிய தண்ணீர் பாட்டில்தான் வாயை அடைத்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சகலை வீட்டு வாசலில் போய் நின்றார். முதல் இரண்டு வாரம் சொர்க்கம். பெரியவர் முன்னால் போவதும், சின்னவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வருவதும், "மெதுவா வாங்க சகலை, அவசரமில்ல" என்று திரும்பித் திரும்பிச் சொல்வதும் அவருக்குத் தேனாக இனித்தன. மூன்றாவது வாரம் சகலை பக்கத்தில் வந்துவிட்டார். ஐந்தாவது வாரம், வீட்டுக்காரியைப் பற்றி எதையோ சொல்லிக்கொண்டே முன்னால் போய்விட்டார். மூச்சுகூட வாங்கவில்லை.

"அந்தக் கால் எதுல செஞ்சதோ" என்று பொருமிக்கொண்டே பெரிய மாப்பிள்ளை எட்டிப் போட்டார். அன்று அரைமணி நடை முக்கால் மணி ஆனது. இன்றுவரை இருவரும் சேர்ந்துதான் நடக்கிறார்கள்.