கறுப்பு வயர் ஓடும் வீடு

சபாபதி அண்ணனைப் பற்றி எங்கள் தாமான் குடியிருப்பில் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றதும் மனுஷனுக்கு மூளை குழம்பிவிட்டது என்பார்கள். வீட்டிலேயே பழைய இரும்புக் கடை வைக்கப் போகிறார் என்பார்கள். பெர்மாஸ் ஜெயாவில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அதனால் இந்த மலர் சொல்வதைக் கேளுங்கள். மற்றவர்கள் சொல்வதில் பாதி புளுகு, மீதி பொறாமை.

அண்ணன் செடெனாக் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பாசிர் கூடாங்கில் ஒரு இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தொட்டிகளின் அழுத்தத்தையும் சூட்டையும் காட்டுகிற கருவிகளைச் சரிபார்ப்பதுதான் அவர் வேலை. கருவி பொய் சொன்னால் ஆள் செத்துப்போவான் என்று அடிக்கடி சொல்வார். அந்தப் பயம் வேலை முடிந்தும் அவரோடு வீட்டுக்கு வந்துவிடும். கேஸை மூடிவிட்டு வாசல் வரை வந்து, திரும்பிப் போய் இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பார். காடியைப் பூட்டிவிட்டு நாலு கதவையும் இழுத்துப் பார்ப்பார்.

"அண்ணே, உங்க மூக்கு இருக்கான்னும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்குங்க" என்பேன். அவர் சிரிக்கமாட்டார். சிரிக்கிற நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அவருக்கு.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்ததைப் பாருங்கள். அவர் மனைவி கஸ்தூரி அக்கா தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கிராணியாக, கணக்கும் கடிதமும் பார்த்தவர். அறுபது வயது ஆவதற்குள் அவருக்கு மறதி நோய் வந்துவிட்டது. முதலில் சாவியை மறந்தார், பிறகு உப்புப் போட்டதை மறந்தார், பிறகு வீட்டையே மறந்தார். ஒரு நாள் காலையில் கிளம்பிப் போய்ப் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாள் பொலிஸ் கொண்டுவந்து விட்டது. பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. கேட்டதற்குப் பதில் வராது, வந்தாலும் பாதியில் நின்றுவிடும்.

அவர்களுக்கு ஒரே மகள், லோஷினி. சிங்கப்பூரில் நர்ஸ். பொலிஸ் கொண்டுவந்து விட்ட அன்று ஓடிவந்தவள், ஹாலில் நின்றுகொண்டு தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, ரோட்ல அடிபட்டு வர்றவங்களை நான் தினமும் வார்டுல பார்க்கறேன். அவங்களும் யாருக்கோ அம்மாதான். இன்னொரு தடவை அம்மா தனியா வெளிய போனா ஹோம்ல சேர்த்துடலாம். குலாய்ல ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். அப்புறம் நீங்க அழுதாலும் நான் கேட்கமாட்டேன்."

அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பென்று எதைச் சொல்வது? கல்நெஞ்சக்காரி அல்ல அவள். பயந்துபோயிருந்தாள்.

அண்ணன் என்னென்னவோ செய்து பார்த்தார். கிரில் கதவைப் பூட்டினார். அக்கா அதைப் பிடித்து உலுக்கி உலுக்கிக் கையில் ரத்தம் வந்துவிட்டது. அன்றோடு பூட்டு போனது. மகள் வாங்கித் தந்த கேமராவுக்கு அக்கா துண்டைப் போட்டு மூடினார், யாரோ பார்க்கிறார்களாம். இருக்கும் இடத்தைக் காட்டுகிற கைக்கடிகாரம் அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. போனில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார்.

அந்த நேரத்தில்தான் மாசாயில் ஒரு பழைய சாமான் கடையில் அண்ணன் அந்தப் பெட்டியைப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர், மஞ்சள் பூத்துப்போனது. இதே மாதிரி ஒன்றில்தான் அக்கா பள்ளியில் கடிதம் அடித்தார். கடைக்காரத் தௌகே அதைச் சும்மாவே கொடுத்தார், இடம் காலியானால் போதும் என்று. அண்ணன் அதைத் துடைத்து, பழுது பார்த்து, உயிர் கொடுத்தார். நீலத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அக்கா பக்கத்தில் வந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரல்கள் தாமாக ஓட ஆரம்பித்தன. பெற்றோர் கூட்டத்துக்கு ஓர் அழைப்புக் கடிதம், ஆங்கில எழுத்தில் தமிழ், ஒரு பிழை இல்லை. அண்ணன் என் சமையலறைக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதார். நான் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு நானும் அழுதேன், வெட்கமென்ன.

அதற்கப்புறம்தான் வீடு நிறையப் பெட்டிகள். வாசலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, அக்காவின் அறைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கறுப்பு வயர் சுவரோரமாக ஓடியது. இந்தக் காலத்து வயர் அல்ல, அந்தப் பெட்டிகளின் வயதுதான் அதற்கும். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் மூன்று வாய் உள்ள ஓர் இணைப்பு இருக்கும். ஒரு வாய் பெட்டிக்கு, மற்ற இரண்டும் வயருக்கு. பெட்டியை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. அந்த இணைப்பைக் கழற்றினால் வயர் துண்டாகிவிடும், மொத்த வீடும் ஊமை. தீபாவளிக்குக் கட்டும் பழைய சரவிளக்கு மாதிரி, ஒரு பல்பு போனால் எல்லாம் போச்சு.

வாசல் கிரில்லில் ஒரு காந்த சுவிட்ச் வைத்தார். கிரில் திறந்தால் வாசல் பெட்டி சமையலறைப் பெட்டிக்குச் சேதி அனுப்பும். எல்லா அறையிலும் பீப் என்று சத்தம் வரும். அக்கா பழகிய பழைய ஆபீஸ் சத்தம், அவர் பயப்படமாட்டார். வாசல் திரையில் எழுத்து வரும்: 'கஸ்தூரி, நான் பின்னாடிதான் இருக்கேன். கொஞ்சம் உட்காரு.' நம்புவீர்களோ இல்லையோ, அக்கா அதைப் படித்துவிட்டு உட்காருவார். வாயால் சொன்னால் காதில் ஏறாது. திரையில் வந்தால் அது ஆபீஸ் உத்தரவு. பதிலும் அடிப்பார்: 'சரி. எவ்வளவு நேரம்?'

இப்படித்தான் அந்த இரண்டு பேரும் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். சமையலறையிலிருந்து 'மருந்து சாப்பிட்டாயா' என்று போகும். அறையிலிருந்து 'கசக்குது' என்று வரும்.

இதோடு அண்ணனின் கவலை குறைந்ததென்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது. இப்போது வயரைப் பற்றிய கவலை. பல்லி கடித்துவிடுமோ, கரண்ட் போய்விடுமோ, டிஸ்க் பூஞ்சை பிடித்துவிடுமோ? காலையில் எழுந்ததும் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்ப்பார்.

சரஸ்வதி பூசை வந்தபோது புதிதாக ஒன்று பிடித்துக்கொண்டது. நாங்களெல்லாம் அன்றைக்கு மோட்டர் சைக்கிளிலிருந்து மிக்ஸி வரைக்கும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் ஓய்வு கொடுப்போம். பூசை முடிகிறவரை தொடமாட்டோம்.

"இதையெல்லாம் எப்படிம்மா நிறுத்தறது? நிறுத்தாம பொட்டு மட்டும் வச்சா சாமி கோவிச்சுக்குமா?" என்று என்னிடம் கேட்டார்.

"சாமிக்கு வேற வேலை இல்லையாண்ணே? பொட்டை வச்சுட்டுப் போங்க லா" என்றேன்.

அப்படியே செய்தார். ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளுக்கெல்லாம் ஒரு பொட்டு. லோஷினி இரவு வேலை முடித்து, சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டிப் பஸ் பிடித்து வந்து, மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் பின்கட்டில் குத்துவிளக்கு தேய்த்தார். சமையலறைத் திரை அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. சத்தம் இல்லை. சத்தம் இல்லையென்றால் அக்கா உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

நான் சுண்டல் கொண்டுபோனேன். முன்பக்கம் கிரில் விரியத் திறந்து கிடந்தது.

"அண்ணே, அக்கா எங்கே?"

அண்ணன் விளக்கைக் கீழே வைத்தார். திரையைப் பார்த்தார். "ரூம்லதான் இருக்கா. கதவு திறக்கலையே."

"திறந்து கிடக்குதுண்ணே!"

ஓடினோம். அறையில் அக்கா இல்லை. அவருடைய பெட்டியும் இல்லை. அது சாமி படத்துக்கு முன்னால், வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் இருந்தது. தூசி துடைத்து, நெற்றியில் இடுவது போல மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம். வயர்களையெல்லாம் கழற்றி, சுருட்டி, ரப்பர் போட்டுப் பக்கத்தில் அடுக்கியிருந்தார். மூன்று வாய் இணைப்பும் அந்த அடுக்கில் இருந்தது, மொத்த வீடும் ஊமை. பள்ளி அலுவலகத்தில் வருஷா வருஷம் அவர்தான் இதைச் செய்வாராம். பொட்டு மட்டும் வைத்த அண்ணனின் அரைகுறைப் பூசை அவருக்குப் பொறுக்கவில்லை.

அண்ணனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "பெட்டி பேசாம இருந்துச்சு மலர். நல்லா இருக்குன்னு நினைச்சேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

லோஷினி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். திறந்து கிடந்த கிரில்லைப் பார்த்தாள். செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். அண்ணன் விளையாட்டுத் திடல் பக்கம் போனார். நான் மோட்டரை எடுத்தேன். பஸ் ஸ்டாப்பில் இல்லை. கோயில் வாசலில் இல்லை. கடைவீதியில் ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்தேன். பூக்கடைக்காரி சொன்னாள்: "இப்பதான் பூ வாங்கிட்டுப் போனாங்க. காசு கேட்டேன், ஆபீஸ் கணக்குன்னாங்க."

"எந்தப் பக்கம்?"

அவள் பெரிய ரோட்டைக் காட்டினாள்.

பாசிர் கூடாங் போகிற லாரியும் தொழிற்சாலைப் பஸ்ஸும் நிற்காமல் ஓடுகிற ரோடு அது. நடுவில் ஒரு சின்னத் திட்டு. அந்தத் திட்டின்மேல் கஸ்தூரி அக்கா நின்றுகொண்டிருந்தார், ஒரு கையில் மல்லிகை, ஒரு கையில் எலுமிச்சம்பழம். ஒரு கால் ரோட்டில் இறங்கும். ஹார்ன் அடிக்கும். கால் திட்டுக்கு ஏறும். மறுபடி இறங்கும். மோட்டரைப் போட்டுவிட்டு, கையை நீட்டிக்கொண்டே ரோட்டில் இறங்கினேன். ஒரு லாரிக்காரன் பிரேக் அடித்து என்னை மலாயில் திட்டினான். திட்டட்டும். அக்காவின் கையைப் பிடித்தேன். பிடித்த பிடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிவிட்டது.

"பூசைக்கு நேரமாச்சு" என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் லோஷினி அம்மாவின் காலிலிருந்து தலைவரைக்கும் தடவித் தடவிப் பார்த்தாள். காயம் இல்லை. அக்கா கையை உதறிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். அதன்பிறகு லோஷினி ஹால் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"போதும்பா. பழைய குப்பையை நம்பி அம்மாவை ரோட்ல விட்டுட்டீங்க. நாளைக்கே குலாய்க்குப் போன் பண்றேன்."

அண்ணன் சாமி முன்னாலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனார். இணைப்பைத் திருகி மாட்டினார். அவருக்கு அதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. நான் சமையலறையில் சுண்டலை வைத்துக்கொண்டு நின்றேன். திரை ஒருமுறை கண்சிமிட்டி நீலமானது.

பீப் என்றது. எல்லா அறையிலும் ஒரே எழுத்து.

'ஹால்ல அழுவுற பொண்ணு யாரு?'

வாசல் பெட்டி லோஷினிக்கு எதிரேதான் இருந்தது. அவள் அழுகையை நிறுத்தினாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பெண்ணைத் தெரியவில்லை என்பதை இப்படியா எழுத்தில் பார்க்கவேண்டும்? அண்ணன் அறை வாசலில் நின்று மகளைப் பார்த்தார், வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டினார். அவள் எழுந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். நர்ஸுக்குப் பழகிய பதிலை அடித்தாள்.

'உங்களைப் பார்த்துக்க வந்திருக்கேன்.'

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. தடங்கல் இல்லாமல், நல்ல வேகத்தில்.

'நல்லது. ஒரு உதவி செய். நான் ரோட்டுக்குப் போனதை என் மகள் லோஷினிகிட்ட சொல்லிடாதே. தெரிஞ்சா என்னை ஹோம்ல விட்டுடுவா. இவரு பயந்த சுபாவம். தனியா இருக்கமாட்டாரு.'

அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

லோஷினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

'சொல்லமாட்டேன்.'

எல்லா அறையிலும் பீப் என்று கேட்டது.