ஏரிப் படகின் பாரக்கோடு

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பல்களை ஆராய்ந்து வகைச் சான்று வழங்கும் சங்கம் ஒன்றில் முதுநிலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கப்பல் எந்த நாட்டுக் கொடியின் கீழ் ஓடுகிறது என்பதைப் பதிவு சொல்லும். அது கடலைத் தாங்குமா என்பதை வகைச் சான்று சொல்லும். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை எழுதிக் கையொப்பமிட்டவன் நான். தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் கரும்பு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பொறியியல் படித்துத் துறைமுகங்களுக்குப் போனவன் என்பதால் கள்ளக்குறிச்சியில் என்னைக் 'கப்பல் சார்' என்றே அழைத்தார்கள். அந்த அழைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் இரும்புக் கடை வைத்திருந்தார் பாய். என் வீட்டுக்குக் கம்பியும் கதவுக் கீலும் தந்த பழக்கம், பிறகு மாலைதோறும் அவர் கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி போடும் அளவுக்கு வளர்ந்தது. புறவழிச் சாலையில் பெரிய கடைகள் வந்தபின் அவருடைய வியாபாரம் தேய்ந்தது. கடையின் முன்பாதியை வாடகைக்கு விட்டு, கல்வராயன் மலையில் ஒரு தனியார் தோட்டத்துக்குள் இருந்த ஏரியில் படகு விடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தார். அது கைகொடுக்காவிட்டால் அவருக்கு வேறு வழியில்லை என்பது எனக்குத் தெரியும்.

"மலைக்கு ஜனம் வந்துகினே இருக்குது சார், ஏரி சும்மா கெடக்குது. நீங்க ஒருவாட்டி வந்து பாத்துட்டு, படகு நல்லா இருக்குதுன்னு சொன்னா போதும்" என்றார்.

"நல்லா இருக்குன்னு நான் எதையுமே சொன்னதில்ல பாய். எவ்வளவு பாரம் ஏத்தலாம்னு மட்டும்தான் சொல்லுவேன்."

"அதயாச்சும் சொல்லுங்க. கப்பல் சார் கம்மியா பேசுனாலே ஊருக்கு ஜாஸ்திதான்."

துடுப்பு வலிக்கும் கண்ணாடியிழைப் படகு அது. அதற்குப் பதிவு எங்கே என்று கேட்பார் அங்கே யாருமில்லை. ஆனாலும் நான் வேலையை விளையாட்டாகச் செய்யவில்லை. ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை அடுக்கச் சொல்லி, படகு எவ்வளவு அமிழ்கிறது, விளிம்புக்கும் நீருக்கும் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று பார்த்தேன். ஒரு பக்கம் சாய்த்தும் பார்த்தேன். மனம் ஒப்பிய இடத்தில் பாரக்கோட்டை வரைந்தேன். நீல நிறப் பக்கவாட்டில் வெள்ளை வட்டம், அதன் நடுவே குறுக்காக ஒரு கோடு. கடலில் செல்லும் எந்தச் சரக்குக் கப்பலிலும் இதைக் காணலாம்.

படகோட்டி கச்சிராயபாளையத்து ஆள். வட்டத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது இன்னா சாமி சார்?" என்றான்.

நான் வாய் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். "கப்பல் சாமிடா. கோவிச்சிக்கினா கவுத்துடும், உசாரா இரு."

மூவரும் சிரித்தோம். தண்ணீர் இந்தக் கோட்டைத் தாண்டினால் ஆளை இறக்க வேண்டும் என்று நான் பிறகு விளக்கினேன். படகோட்டி பயபக்தியோடு தலையசைத்தான். அந்தப் பக்தியை நான் என் தொழிலுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கப்பலில் இந்தக் குறியை வண்ணத்தால் மட்டும் வைப்பதில்லை. எஃகில் வெட்டியோ பற்றவைத்தோ பதித்த பிறகே வண்ணம் பூசுவோம். எத்தனை முறை பூசினாலும் அடியில் இருக்கும் தடம் இடம் மாறாது. கண்ணாடியிழையில் உளி வைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. குறி வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் உரிமையாளர் அழைத்தால்தான் ஆய்வாளர் கப்பலில் கால் வைப்பார். அடுத்த ஆண்டு ஆய்வுக்கென்று முறையான அழைப்பு எதுவும் எனக்கு வரவில்லை. நான் போகவில்லை.

ஆயுத பூசையை அடுத்த விடுமுறை நாளில் ஏரியில் கூட்டம் நெரிந்தது. கோடு தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஆளை ஏற்றினார்களாம். நடு ஏரிக்குச் செல்லும் முன்பே, படம் எடுத்துக்கொள்ள எல்லாரும் ஒரே பக்கம் சாய, விளிம்பின் மேல் தண்ணீர் புரண்டு உள்ளே வந்துவிட்டது. கரையோர நீர் இடுப்பளவு என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. அந்தக் காட்சி ஊரிலுள்ள கைப்பேசிகளிலெல்லாம் சுற்றியது.

விசாரணைக்கு வந்த வருவாய் அதிகாரி என்னையும் ஏரிக்கரைக்கு வரவழைத்தார். கரையேற்றி வைத்திருந்த படகில் வெள்ளை வட்டம் பளிச்சென்று இருந்தது. அதன் நெற்றியில் குங்குமம் இருந்தது.

"சார், இந்தக் கோடு நீங்க போட்டதா?"

"இல்லை. நான் வரைந்தது இதற்கும் கீழே."

அவர் பேனாக்கத்தியைத் தந்தார். புது நீல வண்ணத்தை நானே சுரண்டினேன். நான்கு விரற்கடைக்குக் கீழே என் வட்டத்தின் விளிம்பு வெளிப்பட்டது. அதிகாரி பாயைத் திரும்பிப் பார்த்தார். "ஆளு ஜாஸ்தி ஏத்த கோட்டையே தூக்கிட்டீங்களா பாய்?"

"அல்லா சத்தியமா எனக்கு தெரியாதுங்க. பெயிண்டு, பூ, பொரி வாங்கிக் குடுத்தேன். அவ்ளோதான்."

பாய் என்னைப் பார்த்தார். என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்லி முடித்திருந்தேன். கேட்காததைச் சொல்வது எங்கள் தொழிலில் இல்லை.

அதிகாரியின் வண்டி கிளம்பிய பிறகுதான் படகோட்டி வாயைத் திறந்தான். "ஜனம் ஏறுனா பொட்டு கரஞ்சிக்கினே இருந்துச்சு சார். சாமி மூஞ்சி தண்ணியில கெடக்கலாமா? பூசைக்கு பெயிண்டு அடிக்கிறப்ப நான்தான் கொஞ்சம் தூக்கி வச்சேன்."

மறுநாள் காலையில் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் இதை அப்படியே சொன்னேன். அவர் என்னை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். "உத்தரவு போயிடுச்சு சார். அதுவும் உங்க வார்த்தைய வச்சித்தான் போட்டோம்" என்றார். ஏரியில் படகு விடத் தடை வந்தது; தோட்டத்துக்காரர் குத்தகையை ரத்து செய்தார்.

அன்று மாலை கடைக்குப் போனேன். நாற்காலி வழக்கமான இடத்தில் இருந்தது. பாய் நெடுநேரம் ஆணிகளை அளவு பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பொய் சொல்லணும்னு நான் நெனைக்கல சார். இந்த மனுசன் அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

அதைச் சொல்ல எனக்கு அளவுகோலோ மணல் மூட்டையோ தேவைப்பட்டிருக்காது. அத்தனை மாலைகள் அவர் எதிரில் உட்கார்ந்திருந்ததே போதும். நான் என் கோட்டுக்காகப் பேசினேன்.

கடையின் மீதிப் பாதியையும் வாடகைக்கு விட்டுவிட்டு அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். நான் அந்தத் தெரு வழியாகப் போவதைத் தவிர்க்கிறேன்.

ஊரில் ஒரு பேச்சு நடமாடுகிறது. படகுப் பூசைக்குத் தன்னை அழைக்கவில்லை என்ற கோபத்தில் கப்பல் சார் பாயைக் கவிழ்த்துவிட்டார் என்கிறார்கள். அது தவறு. பாய் என்னை அழைத்தார். கடையில் என் நாற்காலிக்கு முன்னால் நின்று, "பூசைக்கு வாங்க சார், அப்டியே படகையும் ஒருவாட்டி பாத்துட்டு போயிடுங்க" என்றார். பூசைக்கு அழைப்பது வேறு, ஆய்வுக்கு அழைப்பது வேறு என்று சொல்லி, போகாமல் இருந்தவன் நான்.