மாமனார் பெயரில் ஓர் அத்தியாயம்

மருமகனுக்குப் புத்தி சொல்லி, அதன் பிறகும் மரியாதை குறையாமல் ஊர் திரும்பிய மாமனார் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

எனக்கு ஒருவரைத் தெரியும். அண்மையில்தான் அறிமுகமானார். ஆள் வாழ்ந்தது ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால். பெயர் யித்ரோ. மருமகனின் பெயர் சொன்னால் உங்களுக்கே தெரியும் — மோசே.

அறிமுகம் செய்து வைத்தவள் ரஷெல். நான் வரவேற்பு மேசையில் இருக்கும் பல் கிளினிக்கில் அவள் பல் சுத்தம் செய்பவள். மொறோக்கோவிலிருந்து மொன்றியல் வந்த யூதக் குடும்பம். யூதர்கள் தங்கள் வேதமான தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் இந்தப் பகுதி என்றால் உலகம் முழுக்க அதுதான். வருடம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. "அதே கதையைத் திரும்பத் திரும்ப வாசிக்க அலுக்காதோ?" என்று ஒருநாள் கேட்டேன். "போன வருசம் வாசிச்சபோது எனக்கு விவாகரத்து ஆகேல்லையே!" என்றாள். (அவள் பேசுவது பிரெஞ்சு. எழுதுவது நான், அதனால் எங்கள் தமிழ்.)

எங்கள் கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார் அல்லவா? ரஷெல் இரண்டையும் தானே செய்வாள், புதன்கிழமை மத்தியானத்தில், சான்ட்விச் கடித்துக்கொண்டே. பயன் பெரும்பாலும் எங்கள் கிளினிக்கில் வந்துதான் முடியும். நோவாவின் வெள்ளம் வந்த வாரம் அடித்தளத்துத் தண்ணீர்க் குழாயைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள்.

அந்தப் புதன்கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம்... இவர்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். ஊருக்கு 'சிவா அண்ணை'. துறைமுகத்திலிருந்து கொன்டெய்னர் இழுக்கும் லொறி ஓட்டுகிறார். அது சம்பளத்துக்கு. சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று இருக்கிறது — எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கம். அதில் இவர்தான் மண்டபச் சாவி, இவர்தான் மைக், இவர்தான் வாழையிலை. சங்கத்துக்குத் தலைவர் வேறொருவர் இருக்கிறார். ஆனால் அவரும் எதுவென்றாலும் இவருக்குத்தான் போன் எடுப்பார்.

உலகத் தமிழருக்குப் பொங்கல் தை முதலாம் திகதி. எங்கள் சங்கத்துக்கு — பார்க் எக்ஸ்டென்ஷன் தேவாலயத்தின் கீழ் மண்டபம் என்றைக்குக் கிடைக்கிறதோ அன்றைக்கு. இந்த முறை ஒரு சனிக்கிழமை கிடைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டில் இவருடைய குரல் மட்டும்தான் இருந்தது, ஆள் இல்லை. சாப்பிடும்போது போன். குளித்துவிட்டுத் துவாயோடு போன். "அண்ணை, சர்க்கரை எந்தக் கடையிலை வாங்கிறது?" "அண்ணை, பிள்ளையளுக்கு ஜூஸோ பாலோ?" கேட்பவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள் இல்லை. ஒருவர் வங்கியில் மனேஜர்!

இதற்கிடையில் வாசலில் பனி வழிக்கும்போது இவர் இரண்டு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னலால் பார்த்தேன். குடும்ப வைத்தியர் ஓடும் மெஷினில் ஏற்றி இதயத்தைப் பார்க்கும் சோதனைக்கு எழுதினார். காத்திருந்தோம். பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது: யாரோ வரவில்லையாம், ஓர் இடம் இருக்கிறதாம், வெள்ளிக்கிழமை காலையில் வாருங்கள்.

"வெள்ளியோ? அடுத்த நாள் பொங்கலெல்லோ! பேந்து பாப்பம்" என்றார் இவர்.

இந்த மாகாணத்தில் கைக்கு வந்த சோதனைத் திகதியை விட்டவர்களுக்கு 'பேந்து', அதாவது பிறகு, என்றால் எப்போது என்று தெரியும். நான் கத்தினேன். கெஞ்சினேன். இவர் தலையாட்டிக்கொண்டே போனை எடுத்தார்.

இந்த நிலையில்தான் ரஷெல் கதை சொன்னாள்.

மோசே தன் சனங்களை எகிப்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கடலைக் கடந்தாயிற்று. இப்போது பாலைவனம். மாமனார் யித்ரோ மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மருமகனைப் பார்க்க வருகிறார். வந்து பார்த்தால் — மருமகன் ஒரு கதிரையில் இருக்கிறார். அவர் முன்னால் காலையிலிருந்து மாலைவரை சனம் வரிசையில். அவனுடைய ஆடு என் நிலத்தில் மேய்ந்தது, இவன் வாங்கியதைத் தரவில்லை... எல்லா வழக்குக்கும் ஒரே ஆள்தான் தீர்ப்பு.

"மாமனார் என்ன சொன்னவர் தெரியுமோ? நீ செய்யிறது நல்லாயில்லை எண்டு முகத்துக்கு நேரை சொன்னவர். நீயும் களைச்சுப் போவாய், இந்தச் சனமும் களைச்சுப் போகும் எண்டார். சின்ன விசயங்களைப் பாக்க ஆக்களை வை, பெரிசு மட்டும் உன்னட்டை வரட்டும் எண்டார்."

"மோசே?"

"கேட்டவர்! அதுதானே அதிசயம். கடல் பிளந்ததை விடு." ரஷெல் விரலை நக்கிக்கொண்டாள். "பத்துக் கட்டளையும் இந்தப் பகுதியிலைதான் வருது. ஆனா பகுதிக்குப் பேர் என்ன? யித்ரோ. எங்கடை ஆள்கூட இல்லை, வெளி ஆள். மாமனார்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கடவுள் பத்துக் கட்டளை தருவதற்கு முன்பே ஒரு மாமனார் பதினோராவதைத் தந்திருக்கிறார்.

நான் வீட்டு நிலைமையைச் சொன்னேன். கேட்டுவிட்டு ரஷெல் ஒரே கேள்விதான் கேட்டாள். "உன்ரை மனுசனுக்கு மாமனார் இருக்கிறாரோ?"

இருக்கிறார். மொன்றியலின் மேற்கு ஓரத்தில், பியர்பொன்ட்ஸில், எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஸ்காபரோவில் அண்ணாவோடு வசிக்கும் என் அப்பா, பொங்கலுக்கென்று பஸ்ஸில் வந்திருந்தார்.

ஆனால் என் அப்பா யித்ரோ இல்லை. யாழ்ப்பாணத்து மாமனார். மருமகன் வீட்டில் இரண்டாவது தேத்தண்ணி வேண்டுமென்றாலும் என்னிடம்தான் மெதுவாகச் சொல்வார். மருமகனைத் 'தம்பி' என்பார்; அவர் இருக்கும் அறையில் டிவியின் சத்தத்தைக் கூட்டமாட்டார். மாலையில் அவரிடம் போய், "அப்பா, நீங்கள் ஒருக்கா இவரோடை கதையுங்கோவன்" என்றேன்.

"எனக்கு அந்தத் தகுதி இல்லை பிள்ளை. அது தம்பியின்ரை வீடு."

"அவரின்ரை நெஞ்சு அப்பா!"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு வந்த கோபத்தில், அந்த வாரத்துப் பகுதியை அப்படியே எடுத்து அவர் மடியில் வைத்துவிடலாம் போலிருந்தது.

கடைசியில் இவரிடம் பேரம் பேசித்தான் சாதித்தேன். நானும் ஆஸ்பத்திரிக்கு வருவேன், போன் என் கையில் இருக்கும், எந்த அழைப்பு வந்தாலும் உடனே கதவைத் தட்டி இவரிடம் கேட்டுச் சொல்வேன். அப்படியானால் சரி என்றார். வீட்டில் தனியே இருந்து என்ன செய்வது என்று அப்பாவும் காரில் ஏறிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் இவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. மூடியதும் போன் அடித்தது!

சமையலுக்குப் பொறுப்பான அக்கா. மண்டபத்தின் வெளியே குளிர் எலும்பைத் தின்கிறது. பொங்கல் பானையை வெளியே வைப்பதா, உள்ளே மின்னடுப்பில் வைப்பதா? நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். தாதி பாதி திறந்து பார்த்தாள். பானை விஷயம் என்று எப்படிச் சொல்வது? "நொன், மடாம்" என்று சாத்திவிட்டாள்.

நான் நடுவழியில் நின்றேன். மறுமுனையில் அக்கா "ஹலோ, ஹலோ" என்கிறார். அப்பா கதிரையில் இருந்தபடியே கையை நீட்டினார்.

"கொண்டா பிள்ளை." போனைக் காதில் வைத்தார். "ஓம், நான் சிவாவின்ரை மாமா. தம்பி உள்ளுக்கை நிக்கிறார். சொல்லுங்கோ... ஓ... ஓமோம்... உங்களுக்கு எது சரியெண்டு படுது?... உள்ளுக்கையோ? அப்ப அப்பிடியே செய்யுங்கோ பிள்ளை."

வைத்துவிட்டார்.

உள்ளே என்றால் தீ அலாரம் அடிக்கும் என்று, இவர் வெளியே பொங்குவதென்று பிடிவாதமாக இருந்தவர்! சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த அழைப்பு. மைக் வாடகைக்கு எடுக்கும் தம்பி. "உங்களுக்கு என்ன தோணுது, தம்பி?... அப்ப அதுவே நல்லது." பிறகு நடன ரீச்சர். பிறகு வங்கி மனேஜர். பிறகு சங்கத் தலைவரே! எல்லோரிடமும் அப்பா கேட்டது ஒரே கேள்வி. எல்லோரிடமும் பதில் தயாராக இருந்தது. பிறகு போன் அடிப்பதே நின்றுவிட்டது.

"எப்பிடி அப்பா?" என்று கேட்டேன். ஏதோ பெரிய தந்திரம் சொல்வார் என்று பார்த்தேன்.

"எனக்கு இவையின்ரை விசயம் ஒண்டும் தெரியாது. வேறை என்னத்தைக் கேக்கிறது?" என்றார்.

கதவு திறந்தது. இவர் வெளியே வந்தார், தலைமயிர் வியர்வையில் ஒட்டிக்கொண்டு. பின்னால் வைத்தியர். இதயம் நன்றாக வேலை செய்கிறதாம். பயப்பட ஒன்றுமில்லையாம். முழு அறிக்கை குடும்ப வைத்தியருக்குப் போகுமாம். ஆனால் நித்திரை வேண்டும், பாரத்தைக் குறைக்க வேண்டும், இப்படியே ஓடினால் அடுத்த முறை இதே பதில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

நான் அழுதேன். பொது இடம் என்றும் பார்க்கவில்லை. அத்தனை நாளாக ஒவ்வொரு இரவும் இவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு படுத்தவளுக்குத்தான் அந்த அழுகையின் சுகம் தெரியும். அப்பா எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

இவர் என் தோளைத் தட்டினார். பிறகு கேட்டார்: "போன் வந்ததோ?"

"வந்தது தம்பி. எல்லாம் முடிஞ்சுது" என்றார் அப்பா.

"முடிஞ்சுதோ?" இவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் நிம்மதி. அடுத்த நொடியே ஒரு சின்னக் கவலை. "என்னைக் கேக்கேல்லையோ ஒருத்தரும்?"

பாவம். அந்தக் கதிரையிலிருந்து எழும்பும்போது மோசேக்கும் இப்படித்தான் கொஞ்சம் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். சேவை, சேவை என்று நாம் சொல்வதில் பாதி, நான் இல்லாமல் இவர்களால் முடியாது என்ற ஆசைதான். யித்ரோ மருமகனுக்காக மட்டும் பேசவில்லை, வரிசையில் நின்ற சனத்துக்காகவும்தான் பேசினார். சர்க்கரை எங்கே வாங்குவது என்று கேட்பதற்காகக் காத்து நிற்கிறவருக்கும் கால் வலிக்கும்தானே?

சனிக்கிழமை பொங்கல் நடந்தது. பானை உள்ளேதான் பொங்கியது. தீ அலாரம் அடிக்கவில்லை. நடன ரீச்சர் தன் இஷ்டப்படி பிள்ளைகளின் ஆட்டத்தை முதலில் வைத்துவிட்டார். அதனால் சனம் நேரத்துக்கே வந்தது. தலைவர் தன் உரையைத் தானே எழுதினாராம், அதனால் சுருக்கமாக முடிந்தது. மைக் இரண்டு தடவை கீச்சிட்டது. ஒருவரும் சாகவில்லை. இவர் என் பக்கத்தில் இருந்து சுடச்சுடப் பொங்கல் சாப்பிட்டார். சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து இவர் சுடுபொங்கல் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை ரஷெலிடம் எல்லாம் சொன்னேன். கைதட்டினாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் இருக்கு, அது வேறை பகுதியிலை வரும்" என்றாள். மாமனார் ஊருக்குத் திரும்பப் புறப்படும்போது மோசே மறிக்கிறாராம். எங்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள், இந்தப் பாலைவனத்தில் நீங்கள்தான் எங்களுக்குக் கண் என்று கெஞ்சுகிறாராம்.

"நிண்டவரோ, போனவரோ?"

"புத்தகத்திலை தெளிவாச் சொல்லேல்லை. எங்கடை ஆக்கள் இண்டைக்கும் அதிலை சண்டைதான்."

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு ஸ்காபரோ பஸ். நிலையத்தில் இவர் பெட்டியை இறக்கி வைத்தார். அப்பா வழக்கம்போல என்னைப் பார்த்து, "தம்பியட்டைச் சொல்லு பிள்ளை, நான் வெளிக்கிடுறன்" என்றார், தம்பி பக்கத்தில் நிற்கும்போதே.

இவர் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மாமா... இப்ப போகவேண்டாம். பனி முடியுமட்டும் எங்களோடை நில்லுங்கோ. நீங்கள் இருந்தா எனக்கு ஆறுதலாக் கிடக்கு."

எங்கள் கலியாணத்துக்குப் பிறகு இந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான். அப்பா என்னைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக மருமகனையே பார்த்தார்.

வேதத்தில் தெளிவில்லாமல் இருக்கலாம். எங்கள் வீட்டில் தெளிவு — பஸ் போனது, அப்பா போகவில்லை!