நாலு டிகிரி

என் மாமாவின் கல்யாணத்தை நடத்தி வைத்தது நான் சொன்ன ஒரு பொய்தான் என்று முப்பது வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அதிலும் அது கோணமானியைப் பார்த்துச் சொன்ன பொய். கோணம் அளப்பதில் ஆறாம் வகுப்பிலேயே நான்தான் முதல் என்று வீட்டில் நானே பரப்பியிருந்த செய்தியை, பாவம், மாமா ஒருவர் மட்டும் நம்பிவிட்டார்.

மாமா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அதே தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் இருந்த பெண்ணைக் கட்டிக்கொள்ள அவருக்கு ஆசை. பெண்ணின் அப்பா அஞ்செட்டிக்கு அப்பால் ஒரு காட்டூரில் இருந்தார். தவக்காலம் தொடங்குவதற்குள் அவரிடம் சம்மதம் வாங்கியாக வேண்டும். தவறினால், நோன்பு முடிந்து ஈஸ்டர் வரும் வரை கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. ஈஸ்டருக்கு வேறொரு மாப்பிள்ளை வருவதாக ஏற்பாடு. அந்த ஊருக்கு பஸ் கிடையாது. பாதை என்று ஒன்று உண்டு, பாதி மழையோடு போய்விட்டது. எனவே மாமா ஏலத்தில் ஒரு கிழட்டு ஜீப்பை எடுத்து, ஸ்பிரிங்கை மாற்றி, ஒரு முழம் உயர்த்தினார்.

உயர்த்தியதும் புதுப் பிரச்சினை. அச்சை அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும் கண்ட்ரோல் ஆர்ம் என்னும் இரும்புக் கைகள் எட்டவில்லை. நீளமான கைகளை மாமாவே செய்து, முனையில் மரை போட்டு மாட்டினார். மரையைத் திருகினால் அச்சின் மூக்கு ஏறும், இறங்கும். கியர்பாக்ஸ் முனை எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறதோ, அந்த மூக்கும் அத்தனையே சாய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவே சுழலும் ஷாஃப்ட் உதறி உதறி, முனையிலுள்ள கிராஸ் என்ற இணைப்பை உடைத்துவிடும். கியர்பாக்ஸ் பக்கம் நாலு டிகிரி என்று மாமா அளந்து வைத்திருந்தார். மறுபக்கம் என் பொறுப்பு. என் ஜாமெட்ரி பாக்ஸ் கோணமானியில் நூல் கட்டி, நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டுக் கொடுத்தார்.

தொழிற்சாலைக்காரர் ஆயிற்றே, எதையும் சுமை ஏற்றித்தான் சோதிப்பார். பெண் கேட்கப் போகும் ஏழு பேரும் அவரவர் இடத்தில் உட்கார வேண்டும் என்றார். வண்டிக்கு அடியில் கிடந்த மாமாவுக்குப் பதில் ஓட்டுநர் இருக்கையில் ஓர் அரிசி மூட்டை. எனக்குப் பதில் இட்லிக் குண்டான் நிறையத் தண்ணீர். அப்பா, அம்மா, சித்தி, பெரியப்பா, பெரியம்மா ஐவரும் நகராத ஜீப்பில் மாலை முழுக்க அமர்ந்திருந்தார்கள்.

எதிர்வீட்டுக்காரி நின்று பார்த்தாள். “எங்கக்கா, குடும்பத்தோட கெளம்பிட்டீங்க?”

“எங்கியும் இல்ல. கோணம் பாக்கறோம்” என்றார் பெரியம்மா.

மாமாவோடு வண்டிக்கு அடியில் படுத்து, கோணமானியை அச்சின் மூக்கில் வைத்துப் பிடித்திருந்தேன். ஒரு கல்யாணமே என் கண்ணில் தொங்குகிறது. ஆனால் மேலே பெரியப்பா வேர்க்கடலை உரித்துக்கொண்டு குலுங்கிச் சிரிக்க, நட்டு ஊஞ்சலாடியது. இரண்டு, ஆறு, மறுபடி இரண்டு.

“நாலு காட்டுதா பாப்பா?” என்றார் ஸ்பேனரும் கையுமாக இருந்த மாமா.

“காட்டுது மாமா” என்றேன். அவர் அவ்வளவு ஆசையாகக் கேட்டால் வேறென்ன சொல்வது?

ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பினோம். அப்படியொரு பயணத்தை நான் அதற்குப் பிறகு போகவில்லை. ஜீப் பாறையில் ஏறியது, ஓடையில் இறங்கியது, ஒரு பக்கம் சாய்ந்து நின்று யோசித்தது, மறுபடி ஏறியது. நான் கத்திக்கொண்டே வந்தேன். அடியில் ஏதோ நடுங்குவதைக் கேட்டு இன்னும் உரக்கக் கத்தினேன். பெரியம்மா ஜெபமாலையை மூன்றாம் முறை தொடங்கினார். கடைசி ஏற்றம் முடிந்து, ஊர் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் டமார் என்று ஒரு சத்தம். கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் மண்ணில் கிடந்தது. மாமா அதைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை.

பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாக எல்லோரும் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் போனோம். தெருவில் ஆளே இல்லை. ஒரு வீட்டின் பின்கதவு மட்டும் மெதுவாகத் திறந்து, ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். அவர்தான் பெண்ணின் அப்பா.

“ஜீப் சத்தம் கேட்டதும் யாரோ ஆபீசர் வெசாரணைக்கு வர்றாருன்னு எல்லாம் காட்டுக்குள்ள ஓடிட்டாங்க. நானும் செருப்பத்தான் தேடினு இருந்தேன்” என்றார். “அப்புறம் பாத்தா வண்டிய தள்ளினு வர்றீங்க. ஆபீசருங்க தள்ள மாட்டாங்களே. வாங்க, வாங்க, மொதல்ல தண்ணி குடிங்க.”

மாலைக்குள் சம்மதம் கிடைத்துவிட்டது. கோணம் சரியாக இருந்திருந்தால் ஜீப் உறுமிக்கொண்டு ஊருக்குள் நுழைந்திருக்கும், மாமனார் காட்டுக்குள் நுழைந்திருப்பார், மாமா இன்றும் பிரம்மச்சாரி. இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். மாமா பிள்ளைகளின் ஒவ்வொரு பிறந்தநாள் கேக்கையும் ஒரு ஸ்தாபகரின் உரிமையோடு சாப்பிட்டு வந்தேன்.

போன மாதம் மாமியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஆய்வுப் பிரிவில் காலம் தள்ளியவர். கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார்.

“அன்னிக்கி லீவுல நானும் ஊர்லதான் இருந்தேன். அப்பவே அந்த கிராஸ கழட்டி பாத்தேன்டி” என்றார். “உங்க மாமா அதுல கிரீஸே வெக்கல. நீ நாலுன்னாலும் நாப்பதுன்னாலும் அது போயிருக்கும்.”