சைக்கிள் கொட்டகையில் தத்துவம்

அனுமதியின்றி மாணவர்கள் கூடினால் விடுதி இடம் ரத்து. அனுமதி கேட்டால் பதினைந்து நாளில் பதில். எங்கள் கல்லூரி விதியின் இரு பாதிகள் இவை. முதல் பாதி மட்டும் நடைமுறையில் இருந்தது.

நேற்று தெப்பக்குளம் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் ரப்பர் சொல்யூஷன் வாடை அடித்தது. உடனே, கல்லூரியில் இன்று கார்கள் நிற்கும் இடத்தில் அன்றிருந்த சைக்கிள் கொட்டகையும், வெயில் இறங்க இறங்கச் சடசடத்த அதன் தகரக் கூரையும், கேரியர்களில் உட்கார்ந்து பாடத்தில் இல்லாத வரலாறும் தத்துவமும் பேசிய எங்கள் ஆறு பேரின் தணிந்த குரல்களும் திரும்பி வந்தன. எல்லோருக்கும் பதினேழு, பதினெட்டு வயது. முறைப்படி மனுப் போட்டிருந்தோம், பதில் இல்லை. வாட்ச்மேனின் செருப்புச் சத்தம் கேட்டதும் தத்துவத்தை விட்டுச் சினிமாவுக்குத் தாவுவோம்.

“மாப்ள, அம்புட்டுப் படத்தையும் பேசியாச்சேடா, இன்னைக்கு என்னத்தப் பேச?” என்பான் முத்து, உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைத்தபடி. விடுதி இடம் போனால் அவனுக்குப் படிப்பே போய்விடும்.

“பாத்த படத்தையே திரும்ப ஓட்டுடா,” என்பேன். சொல்லிக்கொண்டே செருப்புச் சத்தம் வரும் பக்கம் பார்ப்பேன்.

‘மனுவில் கண்டவாறு பேசிக்கொண்டிருக்க அனுமதி ஏதும் தேவையில்லை’ என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது, கடைசிப் பரீட்சை முடிந்து முத்து பெட்டியோடு ஊருக்குப் பஸ் ஏறிய அன்று.